பதில் உறுமல்

நிக்காசியோ சாயாஷுக்கு வலது காது கிடையாது. காது இருந்த இடத்தில் ஒரு ஓட்டை, அதைச் சுற்றி உருகி உறைந்த மெழுகுபோலத் தோல். ஊருக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். பிறகு பார்க்காததுபோல இருப்பார்கள். அவரே பேச்சைத் தொடங்கிவிடுவார்.

"என்ன பாக்குற? என் பொஞ்சாதி பேச்சைக் கேக்க ஒரு காது போதும்னு ஆண்டவரே எடுத்துக்கிட்டாரு."

அடுப்படியிலிருந்து தொமாசா குரல் கொடுப்பாள். "மிச்சம் இருக்கறதையும் குடுத்துடுய்யா. அதுலயும் ஒண்ணும் ஏறுறதில்ல."

உண்மையில் எடுத்துக்கொண்டது ஒரு பெண் ஜாகுவார். கொரோசேரா ஊர்க்காரர்கள் யாரும் அதை அந்தப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. புலி என்பார்கள். அப்போது அவருக்கு வயது முப்பது. ஊரைச் சுற்றியிருந்த பேத்தேன் காட்டிலிருந்து வாரத்துக்கு ஒரு சின்ன விமானம் தோலை ஏற்றிக்கொண்டு போன காலம். சுட்டது செத்துவிட்டது என்று நினைத்துக் கிட்டே போய்க் குனிந்தார். பல் காதைக் கிழித்துக்கொண்டு மண்டையோட்டின்மேல் சறுக்கியது. "எலும்பு மேல பல்லு வழுக்குற சத்தத்தை நான் வெளியேருந்து கேக்கல, உள்ளேருந்து கேட்டேன்" என்பார். கத்தியை அதன் வயிற்றில் செருகி இழுத்தார். குடல் அவர் முழங்கால்மேல் சூடாக விழுந்தது. அதற்குப் பிறகும் அது கொஞ்ச நேரம் விடவில்லை. கத்தி பட்டதால் தோல் கெட்டுவிட்டது என்று வியாபாரி அதைத் தொடக்கூட மறுத்துவிட்டான். அந்த நாளைப் பற்றி அவருக்கு இருந்த வருத்தம் அது ஒன்றுதான், ரொம்ப வருஷத்துக்கு.

அவர் பிறந்தது சப்போட்டா மரத்தைக் கீறிப் பால் இறக்கும் கூலிகளின் முகாமில். மழைக்காலம் முழுக்க அங்கே சண்டை இல்லாத ஞாயிற்றுக்கிழமை கிடையாது. சீட்டாட்டத்தில் ஏதோ ஒரு வார்த்தை தடித்தது. அவருடைய அப்பாவை இன்னொரு கூலி வெட்டுக்கத்தியால் தோளிலிருந்து மார்புவரை பிளந்துவிட்டான். ஐந்து வயது நிக்காசியோ சோள அடையைத் தின்றுகொண்டே அதைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். கையிலிருந்த அடையைக் கீழே போடவில்லை என்று அம்மா பின்னாளில் சொல்லிச் சொல்லி அழுவாள். அவர் அதைச் சொல்லும்போது குரலில் ஒன்றும் இருக்காது. பசித்தது, தின்றேன் என்பார்.

சுடுவதில் அவரைவிடக் கெட்டிக்காரர்கள் உண்டு. அவர் கெட்டிக்காரத்தனம் கூப்பிடுவதில். காய்ந்த சுரைக்குடுக்கையின் வாயில் மான் தோலை இழுத்துக் கட்டி, தோலின் நடுவிலிருந்து மெழுகு பூசிய குதிரைமுடிக் கயிறு ஒன்றைத் தொங்கவிடுவார்கள். ஈர விரலால் கயிற்றை இழுத்தால் குடுக்கை உறுமும். அதுதான் உறுமுக்குடுக்கை. இன்னொரு புலி தன் எல்லைக்குள் வந்துவிட்டது என்று ஆண்புலி கோபத்தோடு தேடி வரும். வரும் வழியெல்லாம் பதில் உறுமல் கொடுத்துக்கொண்டே வரும்.

இதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. உறுமப் போகிறவன் காட்டுப்பாதையின் வாயில் இருக்கும் முளையில் தன் தொப்பியை மாட்டிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். தொப்பி தொங்கும் காட்டுக்குள் வேறொருவன் போகமாட்டான், குடுக்கையையும் தொடமாட்டான். ஒரே காட்டில் இரண்டு பேர் உறுமினால் இரண்டு பேருமே புலி ஆகிவிடுவார்கள். அப்படி ஆகிச் செத்த அண்ணன் தம்பிகள் கொரோசேராவில் உண்டு. சண்டைக்காரன்கூட அடுத்தவன் தொப்பியில் கை வைத்ததில்லை.

தோல் வியாபாரம் தடை செய்யப்பட்டு, நிக்காசியோ சோளக்கொல்லையோடு ஒடுங்கிப் பல வருஷம் கழித்து, டாக்டர் மிரேயா கெசாதா அவரைத் தேடிக்கொண்டு வந்தார். கோஸ்டாரிகாக்காரி. காட்டுப்பூனைச் சாதிகளை ஆராய்கிறவர். பனாமா எல்லையிலிருந்து பேத்தேன் வரை எந்தக் காட்டில் எது மிச்சமிருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

"எத்தனை கொன்னிருக்கீங்க, தோன் நிக்காசியோ?" பெரியவர்களை மரியாதையாக அழைக்கும் 'தோன்' போட்டுத்தான் கேட்டார்.

"நாப்பத்தி மூணு. குட்டிங்களைச் சேக்கல."

"ஏன் சேக்கல?"

"தோலு சின்னது."

டாக்டர் அதையும் எழுதிக்கொண்டார். முகத்தைச் சுளிக்கவில்லை. சுளித்திருந்தால் தான் போயிருக்கமாட்டேன் என்று நிக்காசியோ தொமாசாவிடம் சொன்னார். "சரி, இனிமே கொல்லாம கூப்பிடுங்க" என்றார் டாக்டர். "நான் தூக்க ஊசி சுடுவேன். எடை போடுவோம், கழுத்துல ரேடியோப் பட்டை மாட்டுவோம், விட்டுடுவோம்."

"விட்டுட்டு?"

"அது எங்க போகுதுன்னு பாப்போம்."

"அது என்னைத் தின்ன வரும். அதைப் பாக்க ரேடியோ எதுக்கு?"

ஆனாலும் போனார். ஏழு வருஷம். தலமாங்கா மலையில் கண்ணியில் மாட்டிக்கொண்ட மலைச்சிங்கம் ஒன்று தன் காலைத் தானே கடித்துத் துண்டித்துக்கொண்டு போயிருந்தது. கண்ணியில் பாதம் மட்டும் இருந்தது, நகங்கள் விரிந்தபடி. டாக்டர் அந்தப் பாதத்தை அளந்தார். ஓந்துராஸின் மொஸ்கீத்தியா காட்டில், மரம் திருடும் கும்பல் ஒன்று அவர்களுடைய கோவேறு கழுதையின் கண்ணைத் தோண்டிவிட்டு, "அடுத்தது டாக்டரம்மாவுக்கு" என்று சிரித்தது. அன்று நிக்காசியோ வெட்டுக்கத்தியை உருவினார். டாக்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "இவங்களைக் கூப்பிட நாம வரல" என்றார். புள்ளிப்பூனை, மரத்திலேயே வாழும் மார்கை, சாம்பல் யாகுவாருண்டி, எல்லாவற்றையும் அவர் மடியில் போட்டு எடை பார்த்திருக்கிறார். தூங்கும் ஜாகுவாரின் மூச்சு முதன்முதலாகத் தன் முழங்கையில் பட்டபோது உடம்பு நடுங்கியது என்று சொல்வார். பயமா, வெட்கமா என்று யாரும் கேட்டதில்லை. கேட்டாலும் அவருக்குத் தெரிந்திருக்காது.

அந்தக் காடுகளில் வேறு உறுமுகிறவர்கள் இல்லை. ஏழு வருஷத்தில் ஒரு முறைகூடத் தொப்பியை மாட்ட வேண்டி வரவில்லை.

எட்டாவது வருஷக் கோடையில் டாக்டர் கொரோசேரா காட்டுக்கே வந்தார். காட்டின் ஒரு பக்கம் மாட்டுப்பண்ணை வந்துவிட்டிருந்தது. பண்ணை மேஸ்திரி, புலித் தலையோடு வருகிறவனுக்கு நிரந்தர வேலை என்று சொல்லியிருந்தான். அதற்கு ஒப்புக்கொண்டவன் நிக்காசியோவின் மகன் எவெலியோ. இருபத்து நான்கு வயது. அவனிடம் இருந்த உறுமுக்குடுக்கை அப்பா செய்து கொடுத்தது, இப்போது ஓரத்தில் விரிசல் விட்டிருந்தது.

திங்கட்கிழமை மத்தியானம் அவன் வீட்டுக்கு வந்தபோது கால்சட்டையில் ரத்தம் தீற்றியிருந்தது. தொமாசா பதறினாள். "என்னுது இல்லம்மா" என்றான்.

நிக்காசியோ எழுந்துகூட நிற்கவில்லை. "எங்க அடிச்ச?"

"முன்காலு. தோள்கிட்ட."

"ரத்தம் நுரையா இருந்துச்சா, கறுப்பா இருந்துச்சா?"

"சிவப்பு. எலும்புச் சில்லு கெடந்துச்சு."

"அப்ப சாகாது." நிக்காசியோ இப்போது எழுந்தார். "இந்தா பாரு. பத்து நாளைக்கு அந்தக் காட்டுல கால் வைக்காத. காயம்பட்ட புலி பதில் உறுமாது. ஒரு சத்தமும் குடுக்காது. நீ கூப்பிடக் கூப்பிட, ஊமையா வந்து உன் முதுகுக்குப் பின்னால உக்காரும்."

"பாடம் நடத்தாத. சனிக்கிழமை போறேன். மேஸ்திரி தலை கேட்டுட்டாரு."

"தலை கேட்டாருன்னா அவரையே போகச் சொல்லு."

"நீ நாப்பத்தி மூணு எடுத்தப்ப இந்த ஊரு உன்னைத் தோள்ல தூக்கிக்கிட்டு ஆடிச்சு. நான் ஒண்ணை எடுத்தா பாவமா? புலிக்குச் சங்கிலி போடுற உத்தியோகத்துக்குப் போனப்புறம் நீ சாமியார் ஆயிட்டியா?"

"பாவம்னு எவன் சொன்னான்? செத்துருவேடான்னு சொல்றேன்!"

அவர் கை தானாக எழுந்து மகன் கன்னத்தில் விழுந்தது. எவெலியோ அடுத்த அடிக்குக் காத்திருக்கவில்லை. அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கி, சுவரோடு சாத்தி, முழங்கையை அவர் தொண்டையில் வைத்து அழுத்தினான். சுவர்ப் பலகை கிறீச்சிட்டது. தொமாசா அகப்பையால் மகன் முதுகில் மாறி மாறி அடித்தாள்.

"விடுடா! விடுடா நாயே! பெத்தவன்டா!"

விட்டான். "இனிமே கை நீட்டாத" என்று சொல்லிவிட்டுத் துப்பாக்கியையும் குடுக்கையையும் எடுத்துக்கொண்டு பண்ணைக்கே போய்விட்டான்.

தொமாசா அகப்பையைக் கீழே வைக்கவில்லை. "யோவ், நீ என்ன செய்வியோ எனக்குத் தெரியாது. அவன் சனிக்கிழமை அந்தக் காட்டுக்குள்ள போறப்ப அதுக்குள்ள அந்தப் புலி இருக்கக்கூடாது."

நிக்காசியோ டாக்டரின் முகாமுக்குப் போனார். விஷயத்தைச் சொன்னார். "வெள்ளிக்கிழமையே பிடிச்சிடணும் டாக்டரம்மா. ஊசி போட்டு ஆத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டுடலாம்."

"காயம்பட்டதுக்கு மருந்து கொடுத்தா தூக்கத்துலயே செத்துடலாம்."

"செத்தா சாகட்டும். என் மவன் போறதுக்குள்ள அது அங்க இருக்கக்கூடாது."

ஏழு வருஷத்தில் முதல் முறையாக அவர் வாயிலிருந்து 'சாகட்டும்' என்று வந்தது. டாக்டர் சரி என்றார்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் நிக்காசியோ முன்னால் போனார். டாக்டர் மருந்தை அளந்து ஊசிக்குழாய்களை நிரப்பிக்கொண்டு ஒரு மணி நேரம் கழித்து வருவதாக ஏற்பாடு. பாதை வாயிலில் முளை இருந்தது. தொப்பியைக் கழற்றி மாட்டினார். வெயிலில் வெறுந்தலையோடு உள்ளே ஒன்றேகால் மணி நேரம் நடந்து, பெரிய சப்போட்டா மரத்தின் கவட்டையில் முந்தின நாள் கட்டிய பரணில் ஏறி உட்கார்ந்தார். கையில் குடுக்கை, இடுப்பில் வெட்டுக்கத்தி. துப்பாக்கியை விட்டு வெகுகாலம் ஆயிற்று.

கயிற்றை இழுத்தார். குடுக்கை ஐந்து முறை உறுமியது. காட்டுக்கோழிகள் நின்றன. தூரத்தில் கத்திக்கொண்டிருந்த ஊளைக்குரங்குகளும் நின்றன.

கால்மணி நேரத்தில் சதுப்பு நிலப் பக்கமிருந்து பதில் வந்தது.

கரகரத்த உறுமல். நடுவில் எங்கேயோ உடைந்து, மூச்சு வாங்கி, மறுபடி வந்தது. வலி என்று நினைத்தார். தோள் எலும்பு நொறுங்கியிருக்கிறது, மூச்சை முழுசாக இழுக்க முடியவில்லை. மறுபடி கூப்பிட்டார். மறுபடி பதில், கொஞ்சம் கிட்டத்தில். அவருக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. வருகிறது. இன்றோடு முடிந்துவிடும். நாளை அவன் வந்து வெறும் காட்டில் உறுமிவிட்டுப் போகட்டும்.

காயம்பட்டது பதில் உறுமாது என்று நான்கு நாள் முன்பு தன் வாயாலேயே சொன்னது அவருக்கு நினைவு வரவில்லை என்று சொல்ல முடியாது. ஒரு நொடி வந்தது. ஆனால் தொப்பி தொங்குகிறது. தொப்பி தொங்கும்போது மனிதன் உறுமமாட்டான். மனிதன் இல்லையென்றால் புலிதான். இத்தனை வருஷம் தெரிந்த ஒன்றை, இத்தனை வருஷம் நம்பிய இன்னொன்று தட்டிக் கழித்துவிட்டது.

முக்கால் மணி நேரம் இப்படியே போயிற்று. பதில் எண்பது அடி தூரத்துக்கு வந்துவிட்டது. கொரோசோப் பனைப் புதருக்குள் இலை ஒன்று அசைந்தது. அப்போது பின்னால் பாதையில் காலடிச் சத்தம் கேட்டது. டாக்டர் வருகிறார். திரும்பிப் பார்த்தார்.

மேலேயிருந்து பார்த்ததால் ஆள் தெரியவில்லை. தொப்பிதான் தெரிந்தது. அவருடைய தொப்பி. வியர்வைக் கறை படிந்த பனையோலைத் தொப்பி, இலைகளுக்கு நடுவே அவரை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தது. மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார் பாவம் என்று டாக்டர் எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

நிக்காசியோ குடுக்கையின் கயிற்றை விட்டார்.

அப்படியானால் புதரில் இருப்பது மனிதன், டாக்டருக்குப் பின்னால் வெறும் முளையைப் பார்த்துவிட்டுச் சதுப்புப் பக்கமாகப் பிரிந்து உள்ளே வந்தவன். கரகரப்பு வலியில்லை, குடுக்கையின் விரிசல். பேத்தேனில் யாரிடம் விரிசல் விட்ட குடுக்கை இருக்கிறது என்று அவர் யோசிக்க வேண்டியதில்லை. மேஸ்திரி சனிக்கிழமைவரை பொறுக்கவில்லை. அது மட்டுமில்லை. இரண்டு குடுக்கைகள் முக்கால் மணி நேரமாகப் போட்டிபோட்டு உறுமிய காட்டில் நிஜப்புலி இருந்தால், அது சும்மா படுத்திருக்காது. ஊமையாக வந்திருக்கும்.

புதரிலிருந்து துப்பாக்கிக் குழாய் நீண்டது, டாக்டரின் அசைவை நோக்கி.

"எவெலியோ! சுடாத! நான்தான்! பின்னால பாருடா, பின்னால!"

கத்தல் கேட்டு எவெலியோ சட்டென்று எழுந்து நின்றான். நின்றபடியே பின்னால் திரும்பினான். புலி அவன் கழுத்தின் பின்புறத்துக்குக் குறி வைத்துப் பாய்ந்திருந்தது. திரும்பியதால் வாய் அவன் தாடையையும் தோளையும் கவ்வியது. துப்பாக்கி வெடித்தது. குண்டுகள் இலைகளைப் பிய்த்துக்கொண்டு போயின. ஒன்று டாக்டரின் கெண்டைக்காலில் இறங்கியது. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

நிக்காசியோ பரணிலிருந்து இறங்கினாரா குதித்தாரா என்று அவருக்கே தெரியாது. போய்ச் சேர்ந்தபோது எவெலியோவின் தாடை எலும்பு உடையும் சத்தம் கேட்டது, காய்ந்த விறகை முழங்காலில் வைத்து உடைப்பதுபோல. புலியின் முன்கால் ஒன்று ஒழுங்காக ஊன்றவில்லை. காயத்தில் புழு நெளிந்தது. நாற்றம் அடித்தது. அவர் வெட்டுக்கத்தியால் அதன் முதுகில் வெட்டினார். மகன் அடியில் கிடந்ததால் ஆழமாக வெட்டப் பயந்தார். அந்தப் பயத்தில் வெட்டு சறுக்கியது. இரண்டாவது வெட்டு இடுப்பில் பட்டு எலும்பில் மாட்டிக்கொண்டது. அது ஒரு கையை வீசி அவர் முன்கையைக் கிழித்தது. தசை வாழைப்பட்டைபோல உரிந்து தொங்கியது. பின்னால் 'பொத்' என்று ஒரு சத்தம். டாக்டர் தரையில் உட்கார்ந்தபடியே ஊசியைச் சுட்டிருந்தார். சிவப்புக் குஞ்சம் வைத்த ஊசி புலியின் தொடையில் ஆடிக்கொண்டிருந்தது.

ஊசி வேலை செய்ய ஏழெட்டு நிமிஷம் ஆகும். ஏழெட்டு நிமிஷத்தில் ஒரு மனிதனில் என்ன மிச்சமிருக்கும்?

டாக்டர் நொண்டிக்கொண்டே வந்தார். ஊசித்துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்து, அதன் கட்டையால் புலியின் மூக்கில் அடித்தார். எந்த மூக்கை அளந்து எழுதுவாரோ அந்த மூக்கில். "விடு! விடு! விடு!" ஒவ்வொரு அடிக்கும் ஒரு விடு. நிக்காசியோ கத்தியை விட்டுவிட்டு, அதன் புழுத்த காயத்துக்குள் விரல்களைத் திணித்து முறுக்கினார். அது வாயைத் திறந்தது. அவர்களைப் பார்த்தது. மூன்று காலால் நடந்து, முப்பது நாற்பது அடி போய், ஒரு மரத்தடியில் நின்று தள்ளாடி, உட்கார்ந்து, பிறகு மெதுவாகப் பக்கவாட்டில் சாய்ந்தது.

எவெலியோவின் முகத்தின் கீழ்ப்பாதி இருந்த இடத்தில் இல்லை. தோளிலிருந்து ரத்தம் விட்டு விட்டுப் பொங்கியது. டாக்டர் தன் சட்டையைக் கழற்றி உருட்டிக் காயத்தில் திணித்து, ரேடியோப் பட்டையால் இறுக்கிக் கட்டினார். புலிக்கு மாட்டக் கொண்டுவந்த பட்டை. எவெலியோவின் கண் திறந்திருந்தது. வாயால் பேச முடியவில்லை. வலது கையைத் தூக்கி மரத்தடியைக் காட்டி, கழுத்தை அறுப்பதுபோல விரலை இழுத்துக் காட்டினான்.

நிக்காசியோ வெட்டுக்கத்தியைத் தேடி எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"தோன் நிக்காசியோ!"

"ரெண்டே வெட்டு டாக்டரம்மா. தூங்குறதுதானே."

"ரெண்டாவது வெட்டுக்கு எந்திரிச்சா மூணாவது யாருக்கு? அது முக்கா மணி நேரம் தூங்கும். உங்க மகனுக்கு அவ்வளவு நேரம் கெடையாது. வலைக்கழியைப் பிடிங்க, இவனைத் தூக்கணும்."

அவர் மரத்தடியைப் பார்த்தார். வயிறு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மகனைப் பார்த்தார். கத்தியை இடுப்பில் செருகினார்.

புலியை எடை போடும் வலையில் எவெலியோவைக் கிடத்தி, கழியில் கோத்து, முன்னால் டாக்டரும் பின்னால் அவருமாகத் தூக்கினார்கள். டாக்டரின் உள்பனியன் முழுக்க ரத்தம். ஒவ்வொரு இரண்டாவது அடிக்கும் அவர் கால் மடங்கியது. லாரிப் பாதை ஒன்றேகால் மணி நடை. வலையின் கண்களிலிருந்து சொட்டிய ரத்தத்தை எறும்புகள் பின்னாலேயே மொய்த்துக்கொண்டு வந்தன.

பாதி வழியில் நிக்காசியோ கேட்டார். "யாருக்காகச் சொன்னீங்க? இவனுக்காகவா, அதுக்காகவா?"

"நடங்க."

"கேக்குறேன்ல."

"எனக்குத் தெரியாது தோன் நிக்காசியோ. நடங்க."

ஆஸ்பத்திரியில் எவெலியோவை உள்ளே கொண்டுபோன மருத்துவர், இன்னும் கால்மணி நேரம் தாமதித்திருந்தால் பிணத்தைத்தான் கொண்டுவந்திருப்பீர்கள் என்றார். வெளியே சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது மிரேயா, "அவன் ஏன் உறுமினான்? நீங்க அங்க இருக்கறது அவனுக்குத் தெரியாதா?" என்று கேட்டார். நிக்காசியோ தொப்பியைப் பற்றிச் சொன்னார். மிரேயா எழுந்து சுவர்ப் பக்கம் போய் வாந்தி எடுத்தார்.

"உங்களுக்கு நான் சொல்லல" என்றார் நிக்காசியோ. "தொப்பியைப் பத்தி எவன் சொல்லுவான்? எல்லாருக்கும் தெரியும்னு நெனச்சேன்."

தொமாசா வந்து இருவரையும் பார்த்தாள். கணவரின் கட்டுப்போட்ட கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கீழே வைத்தாள்.

ஒன்பதாவது நாள் எவெலியோவுக்குப் பேச்சு வந்தது. தாடையைக் கம்பியால் கட்டியிருந்ததால் பல்லுக்கு நடுவிலிருந்து பேசினான். முதல் வார்த்தை தண்ணீர் இல்லை, அம்மா இல்லை.

"செத்துச்சா?"

டாக்டர் மிரேயா வாசலில் நின்றிருந்தார். நிக்காசியோ அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"செத்துச்சு."

"யாரு?"

"நான்தான். கழுத்துலயே போட்டேன்."

எவெலியோவின் கண் ஓரத்தில் ஏதோ தளர்ந்தது. அன்று நன்றாகத் தூங்கினான்.

அது உயிரோடு இருக்கிறது என்று தெரிந்தால் அவன் எழுந்து நடக்கும் முதல் நாளே உள்ளே போவான். ஒரு கை இல்லாவிட்டாலும் போவான். நிக்காசியோவுக்கு அதில் சந்தேகமே இல்லை, ஏனென்றால் அந்த வயதில் தானும் போயிருப்பார்.

ஊர் சும்மா விடவில்லை. "பெருசு, தோலு எங்க? வழக்கமா தோலோடல்ல வருவ?" என்று கள்ளுக்கடை வாசலில் கேட்டார்கள். "புலியையே டாக்டரம்மா முத்தம் குடுத்து அனுப்பிட்டாங்களாம்ல?" "இவருக்கு ஒரு காதுதான் போச்சுன்னு நெனச்சோம், கையும் போச்சு போல." நிக்காசியோ எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். "அழுகிப்போச்சுப்பா. பையனைத் தூக்கிட்டு ஓடுறப்ப எவன் தோல் உரிப்பான்?" மேஸ்திரி மட்டும் சிரிக்கவில்லை. தலையைக் காட்டு, வேலையைத் தருகிறேன் என்றான்.

ஒன்றரை மாதம் கழித்து வீட்டுக்கு வந்த எவெலியோவின் இடது கை தோளிலிருந்து கயிறுபோலத் தொங்கியது. கஞ்சியைக் குழாயால் உறிஞ்சிக்கொண்டே அப்பாவைப் பார்த்தான்.

"மண்டையோடு கெடக்குமில்ல. வா, போய் எடுத்துட்டு வரலாம். பல்லைப் பாக்கணும். எந்தப் பல்லுன்னு எனக்குத் தெரியும்."

"கழுகு இழுத்துட்டுப் போயிருக்கும்டா."

"மண்டையோட்டையா? எத்தனை பாத்தவன் நீ, எனக்கே கதை சொல்றியா? நாளைக்கு நானே போறேன்."

தொமாசாவின் கை சோள அடையின்மேல் அப்படியே நின்றது. விடைபெற வந்திருந்த டாக்டர் கதவருகே கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"அது என்கிட்ட இருக்கு எவெலியோ" என்றார். "மறுநாளே ஆள் அனுப்பி எடுத்துட்டேன். மியூசியத்துக்கு அனுப்பியாச்சு. கீழ்ப் பல்லு இடது பக்கம் முனை உடைஞ்சிருந்துச்சு. உன் எலும்புலதான் உடைஞ்சிருக்கும்."

எவெலியோ குழாயை வாயிலிருந்து எடுத்தான். "எல்லாத்தையும் எழுதி வப்பீங்களே, அதுலயும் எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேன்."

"அப்ப சரி" என்று மறுபடி கஞ்சியை உறிஞ்சினான்.

வெளியே வந்து ஜீப்பில் ஏறும்போது டாக்டர் குறிப்பேட்டை இருக்கையில் போட்டார். தான் இதுவரை ஒரு சென்டிமீட்டர்கூடப் பொய்யாக எழுதியதில்லை என்றார். நிக்காசியோ ஜீப் கதவைச் சாத்தினார். "காலை மடக்கி வச்சுக்கிட்டுப் போங்க" என்றார். டாக்டர் நிக்கராகுவா பக்கம் புதுக்காடு ஒன்றுக்குப் போனார். இந்த முறை நிக்காசியோ கூடப் போகவில்லை.

மழை தொடங்கி இரண்டாவது வாரம் பண்ணையில் கன்று ஒன்று செத்துக் கிடந்தது. மண்டையில் புலிப்பல் இறங்கிய இரண்டு ஓட்டை. நாய்தான் என்றார் நிக்காசியோ. அன்றிலிருந்து கோழி கூவியதும் எழுந்துவிடுகிறார். கையில் ஒரு பனைமட்டை. பண்ணை வேலியோரம், ஓடைக்கரை, எவெலியோ காலையில் காலாற நடந்து போகும் பாதை, எல்லாவற்றையும் ஒரு சுற்று வருகிறார். ஈர மண்ணில் மூன்று தடம் ஆழமாகவும் நான்காவது இழுபட்டதாகவும் விழுந்திருக்கும். மட்டையால் பெருக்கி அழிப்பார். நடுவே யாராவது பார்த்துவிட்டால், "வயித்தைக் கலக்குது" என்று சொல்லிவிட்டுப் புதருக்குள் ஒதுங்குவார்.

ஒரு நாள் விடிந்து வெளிச்சம் வந்தபின் ஓடைக்கரைக்குப் போனார். வழக்கமான தடங்கள். ஒன்றொன்றாக அழித்துக்கொண்டே குனிந்து நகர்ந்தார். கடைசித் தடத்துக்கு வந்தபோது அதன் பள்ளத்தில் தண்ணீர் இன்னும் ஊறிக்கொண்டிருந்தது. விளிம்பு மண் அப்போதுதான் சரிந்து விழுந்தது.

அவர் தலையைத் தூக்கவில்லை. மட்டையை நிதானமாக ஒரு முறை இழுத்து, அந்தத் தடத்தையும் சமன் செய்தார்.